சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே என்ன உடுத்துவது?

பொங்கல் விழாவானாலும் சரி, கொலுவுக்கு வந்து போகிற இடமானாலும் சரி, நம்மவர்கள் கூடினால் பேசத் தயங்குகிற விஷயம் குறைவு. சர்க்கரை அளவு, மூட்டு வலி, மூலம், மருமகளின் சம்பளம் எல்லாவற்றையும் சபையிலேயே பேசிவிடுவோம். ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு தில்லியில் நம் வீடுகளுக்குள் சைக்கிள் வந்ததிலிருந்து ஒரு கேள்வி மட்டும் என்னைச் சமையலறைப் பக்கம் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுகிறது. "அந்த இறுக்கமான டிராயர் போடறாங்களே, அதுக்கு உள்ளே என்ன போடணும் அக்கா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே திண்டு வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸாக இருந்தால், அதற்குள் ஒன்றுமே போடக் கூடாது. அந்த ஷார்ட்ஸே உள்ளாடைதான்.

இதைக் கேட்டதும் முகம் சுளிக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் அதற்கு விலக்கல்ல. ஜட்டி இல்லாமல் வீதியில் இறங்குவதா என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதை எழுதினால் மற்ற வீடுகளில் அந்த ஒரு மாதம் மிச்சமாகுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மயூர் விஹாரில் இருபத்தாறு வருடம் தையல் வகுப்பு நடத்தியவள் நான். ஆகவே துணியையும் தையலையும் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்துக் கோலப் பகுதிக்குப் போய்விடலாம்.

எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னவருக்குச் சர்க்கரை உண்டு. நடக்கச் சொன்னார் டாக்டர். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சைக்கிளானால் உடல் எடை முழங்காலில் இறங்காது என்று 2021-ல் ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினார். முதலில் காலனிக்குள்ளேயே சுற்றினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டியோடு யமுனையைத் தாண்டி இந்தியா கேட், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் என்று நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஆயிற்று. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.6-லிருந்து 7.1-க்கு இறங்கியது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த தை மாதம், தொடை இடுக்கில் ஒரு கட்டி. இரண்டு நாள் எங்களிடம் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்ததைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். டாக்டர் கீறிச் சீழை எடுத்து, மருந்து கொடுத்து, "சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறவும் நாளாகும், கிருமி பரவவும் சுலபம். காய்ச்சலும் சேர்ந்து வந்த பிறகு வந்திருந்தால் படுக்க வைத்திருப்பேன்" என்றார். ஆறு வாரம் சைக்கிள் இல்லை. சர்க்கரை மறுபடி ஏறியது. அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. சைக்கிளை விற்றுவிடலாம் என்ற பேச்சுகூட வந்தது.

குருகிராமில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் அந்தச் சமயம் வந்திருந்தாள். இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே பயணங்களை இரண்டு முறை முடித்தவள் அவள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சித்தப்பா, ஷார்ட்ஸுக்குள்ள என்ன போட்டிருந்தீங்க?"

அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "ஜட்டி. அதுக்கு மேல குளிருக்கு இன்னர். அதுக்கு மேல ஷார்ட்ஸ். அதுக்கு மேல டைட்ஸ்."

"சித்தி, இது சைக்கிளா, சியாச்சினா?" என்றாள்.

அன்று மாலை அவருடைய துணிகளை மேஜை மேல் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். விஷயம் தையலில் இருந்தது. சாதாரண ஜட்டியின் கால் ஓரத்தில் எலாஸ்டிக்கை மடித்துத் தைத்திருப்பார்கள். அது ஒரு கயிறு மாதிரி தடித்து நிற்கும். நடுவில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ஓவர்லாக் தையல். அதுவும் ஒரு வரப்பு. இந்தக் கயிறும் வரப்பும் சரியாகத் தொடையும் உடலும் சேருகிற மடிப்பில் வந்து உட்காருகின்றன. நாற்காலியில் உட்கார்ந்தால் இதெல்லாம் ஒன்றும் செய்யாது. சைக்கிளில் கால் சும்மா இருப்பதில்லையே! நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதித்தால் மணிக்கு 4,800. மூன்று மணி நேரத்தில் 14,400. அத்தனை தடவையும் அந்த வரப்பு அதே இடத்தில் தேய்க்கிறது. பாறையே தேயும், சதை எம்மாத்திரம்?

அடுத்தது வியர்வை. நம் ஜட்டியும் பனியனும் திருப்பூர்ப் பருத்தி. வெயில் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் பருத்தியின் குணம் தண்ணீரைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே காற்றுப் போக வழியில்லாத இடத்தில் அது காய்வதற்கு இல்லை. ஈரத்தில் ஊறிய தோல் இளகிப்போகும். இளகிய தோலில்தான் உரசல் சீக்கிரம் காயம் பண்ணும். காயத்தின் வழியே கிருமி உள்ளே போனால் கட்டி. அவ்வளவுதான் கணக்கு.

சைக்கிள் ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், இதற்கு நேர் எதிர். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டையாக ஓட்டிய ஃப்ளாட்லாக் தையல். விரலால் தடவினால் மேடு தெரியாது. நடுவில் இருக்கிற திண்டு பஞ்சு அல்ல, நுரை. அதன் மேல் வழவழப்பான செயற்கை இழைப் பின்னல், ஈரத்தை உடம்பிலிருந்து வாங்கி வெளியே தள்ளுகிற வகை. இது தோலோடு ஒட்டிக் கிடந்தால்தான் வேலை செய்யும். நடுவில் ஒரு பருத்தி ஜட்டியைக் கொண்டுபோய் வைத்தால், காசு கொடுத்து வாங்கிய வசதி அத்தனையும் வீண். மழைக் கோட்டுக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு நனைகிற மாதிரி.

இந்தத் திண்டுக்கு ஷாமி என்று பெயர். ஐரோப்பிய மலைகளில் ஆடு மாதிரி ஒரு பிராணி இருக்கிறது. அதன் மெல்லிய தோலைத்தான் அந்தக் காலத்தில் கம்பளி டிராயர்களுக்குள் வைத்துத் தைத்தார்களாம். துவைத்துக் காய வைத்தால் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும் அந்தத் தோலை இளக்குவதற்குத்தான் முதலில் களிம்பு தடவினார்கள். 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற ரசாயன நிபுணர் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற இழையைக் கண்டுபிடித்தார். அதுதான் லைக்ரா. கம்பளி போய் லைக்ரா வந்தது, தோல் போய் நுரை வந்தது, பெயர் மட்டும் ஷாமி என்றே நின்றுவிட்டது. களிம்பும் நின்றுவிட்டது, இப்போது தோலுக்காக. நம் தோலுக்காக!

இதெல்லாம் நம்மைப் போன்ற சாதாரணர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1987 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் முதலிடத்தில் இருக்கும்போதே, முடிய சில நாட்கள் இருக்கையில், சீட்டில் உட்காருமிடத்துக் கட்டியால் விலகவேண்டி வந்தது. 1989 பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் லாரன் ஃபினியோன் கடைசி நாளன்று 50 வினாடி முன்னணியோடு புறப்பட்டார். மிச்சம் 24.5 கிலோமீட்டர்தான். இதே இருக்கைப் புண்ணோடு ஓட்டினார். 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பந்தயத்தை 8 வினாடியில் அமெரிக்கரான கிரெக் லெமாண்டிடம் தோற்றார். லெமாண்ட் காற்றைக் கிழிக்கிற புதுவிதக் கைப்பிடி வைத்திருந்தார் என்பதும் உண்மை. பழியை முழுக்கப் புண்மேல் போட முடியாது. ஆனாலும் அந்த 8 வினாடியை என்னவரிடம் நான் பலமுறை உபயோகித்திருக்கிறேன்.

அவருடைய கட்சி வேறு. "மானம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அறுபத்துமூணு வயசுல ஜட்டி போடாம இந்தியா கேட்டைச் சுத்தி வரணுமா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் வளர்ந்த விதம் அப்படி. என் மாமனார் காலத்தில் கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் எந்த வேலைக்கும் இறங்குவார்கள். "அப்ப லங்கோடு கட்டிக்கட்டுமா?" என்றுகூட ஒருநாள் கேட்டார். முடிச்சு எங்கே வரும் என்று கேட்டேன். பதில் இல்லை.

கடைசியில் ஒரு சமரசம் செய்தோம். திண்டு வைத்த ஷார்ட்ஸை உள்ளாடையாகப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் தொளதொளவென்று முழங்கால் வரை ஒரு அரை டிராயர். மானமும் தப்பியது, தோலும் தப்பியது. இதற்கென்றே மெல்லிசாக, உள்ளே மட்டும் போட்டுக்கொள்கிற லைனர் ஷார்ட்ஸும் விற்கிறார்கள். லைக்ராவை வெளியே காட்டப் பிடிக்காதவர்களுக்கு, குறிப்பாக ஆபீஸுக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு, அது நல்ல ஏற்பாடு. மேலே பேன்ட்டோ சல்வாரோ எது வேண்டுமானாலும் போடலாம்.

குளிர்காலத்துக்கு வருவோம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தில்லி ஜனவரியில் காலை ஆறு மணிக்கு நான்கைந்து டிகிரியில் சைக்கிளைத் தொட்டால் முதலில் செய்கிற காரியம் உள்ளே உள்ளே அடுக்குவது. சைக்கிளுக்கு அது தலைகீழ். அடுக்க வேண்டியது வெளியே. ஷார்ட்ஸ் தோலோடு, அதற்கு மேல் முழுக்கால் டைட்ஸ், அதற்கு மேலும் குளிர்ந்தால் காற்றுத் தடுக்கிற பேன்ட். வீட்டில் போடுகிற கம்பளி இன்னரை உள்ளே போட்டால் அதன் கவட்டுத் தையல் ஜட்டியின் வேலையைச் செவ்வனே செய்துவிடும். டைட்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திண்டு வைத்த டைட்ஸும் உண்டு, வைக்காததும் உண்டு. வைத்ததாக இருந்தால் அதையே நேராகப் போடலாம், உள்ளே இன்னொரு ஷார்ட்ஸ் வேண்டாம். திண்டின் மேல் திண்டு வந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, மடிந்து, இல்லாத தொல்லையை உண்டாக்கும். என் கட்சி திண்டில்லாத டைட்ஸ்தான். ஷார்ட்ஸை மட்டும் தினம் துவைத்தால் போதும், டைட்ஸ் இரண்டு நாள் தாங்கும். விலையும் குறைவு. பகலில் வெயில் ஏறினால் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள் விஷயத்தை அக்கா மகள்தான் எனக்குச் சொன்னாள். நானாக எழுதியிருக்க மாட்டேன், ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பேருக்கு உபயோகமில்லை. பெண்களுக்கும் விதி அதேதான், உள்ளே எதுவும் வேண்டாம். ஆனால் கணவருடையதையோ தம்பியுடையதையோ வாங்கிப் போடக் கூடாது. உட்காரும் எலும்புகளுக்கு இடையே உள்ள தூரம் பெண்களுக்குப் பொதுவாக அதிகம். ஆகவே அவர்களுக்கான திண்டு பின்பக்கம் அகலமாக, வேறு வடிவத்தில் இருக்கும். ஆண்களுடையதில் தையல் வரக்கூடாத இடத்தில் வரும். மாதவிலக்கு நாட்களில் சாதாரண நாப்கின் ஷார்ட்ஸுக்குள் நிற்காது. ஓரம் சுருண்டு அறுக்கும். நீண்ட தூரம் போகிற பெண்கள் பலர் கப் அல்லது டாம்பான் பக்கம் போய்விட்டார்கள். "அதெல்லாம் வேண்டாம்னு தோணினா, ரெண்டு நாள் கிட்டத்துலயே ஓட்டிட்டு வந்துடு. யாரும் மெடல் குடுக்கப் போறதில்ல" என்று தன் தோழியிடம் அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவு சொன்னதும், பால் வாங்கப் போகிறவர்கூட ஷார்ட்ஸ் வாங்க ஓட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். நான் இன்றும் மார்க்கெட்டுக்கு லேடீஸ் சைக்கிளில் சல்வார் கமீஸோடுதான் போகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டில், ஐந்து கிலோமீட்டருக்குள் போய்வருகிறவர்களுக்கு வழக்கமான உள்ளாடையே போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சேலையோடு, பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். அவர்களுக்கு லைக்ராவா கிடைத்தது? முன்னால் குனிந்து, ஒடுங்கிய சீட்டில், மணிக்கணக்கில் மிதிக்கும்போதுதான் கதை மாறுகிறது. என் கணக்கில் ஒரு மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் போகிறவர்கள் வாங்கிவிடுங்கள்.

பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் ஆயிரம் ரூபாய் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று முடிவு செய்யாதீர்கள். நின்றால் குழந்தைக்கு நாப்பி கட்டினாற்போலத்தான் இருக்கும். சைக்கிளில் இருப்பதுபோலக் குனிந்து பாருங்கள், அப்போது திண்டு அதனதன் இடத்தில் போய் உட்காரும். இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். 'கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், துவைத்தால் சுருங்கும்' என்கிற நம் ஊர்க் கணக்கு இதற்கு ஆகாது. தளர்ந்தால் மடியும், மடிந்தால் உரசும். தொப்பை உள்ள ஆண்களுக்குத் தோள்பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ் சௌகரியம், இடுப்பில் எலாஸ்டிக் வெட்டாது. வழியில் பாத்ரூம் போகத்தான் கொஞ்சம் சர்க்கஸ் செய்ய வேண்டும். சர்க்கரைக்காரர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்று வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடவே கூடாது.

களிம்பைப் பற்றி: இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறவர்கள் ஷாமி க்ரீமை உரசும் இடத்தில் தோலிலும், திண்டின் மேலும் தடவிக்கொள்ளலாம். நம்மவர்கள் வாஸ்லைனை எடுப்பார்கள். உரசல் குறையும்தான். ஆனால் அந்தப் பிசுக்கு திண்டிலிருந்து சுலபத்தில் போகாது, துணி மூச்சு விடுகிற வழியையும் அடைத்துவிடும். துவைப்பது வீட்டுப் பெண்கள் தலையில் விழுவதாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அந்த இடத்து ரோமத்தை மழிக்க வேண்டாம் என்று டாக்டர் தனியாகச் சொல்லி அனுப்பினார். மழித்த முடி திரும்ப முளைக்கும்போது தோலுக்குள் மடங்கிக் கட்டிக்கு வழி செய்யுமாம்.

ஆனால் என்னவருடைய கட்டிக்கு ஜட்டி பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி சோலே பட்டூரே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி ஏழரை மணிக்கு ஓட்டி முடித்து, ஒரு கடை வாசலில் ஒன்பது மணி வரை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு அரசியல் பேசும். அத்தனை நேரமும் வியர்வையில் நனைந்த ஷார்ட்ஸோடு! இப்போது அவர் பையில் ஒரு வேட்டியும் ஒரு மாற்று டிராயரும் வைத்தனுப்புகிறேன். கடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து எந்த அரசியலை வேண்டுமானாலும் பேசட்டும். வீட்டுக்கு வந்ததும் குளியல். ஷார்ட்ஸை உடனே உள்வெளியாகத் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில், மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். துணியை மெத்தென்று ஆக்குகிறேன் என்று விற்கிற வாசனைத் திரவம் இதற்கு வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் படிந்து, ஈரம் வாங்குகிற குணத்தைக் கெடுத்துவிடும்.

துணியால் தீராத தொல்லையும் உண்டு. சீட் அதிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு பக்கவாட்டில் ஆடும். எந்த ஷார்ட்ஸும் அந்த உரசலைத் தாங்காது. என்னவருடைய சீட்டை அரை அங்குலம் இறக்கியதும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. உட்காருமிடமோ முன்பக்கமோ மரத்துப்போனால், 'பழகிவிடும்' என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். சில நிமிடத்துக்கு ஒரு தரம் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள், சீட்டின் சாய்வையும் அகலத்தையும் சரி பாருங்கள், இறங்கிய பிறகும் மரப்பு போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். கட்டி பெரிதானாலோ, சுற்றிலும் சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். நாற்காலியில் ஒருக்களித்து உட்காருகிற கணவர்மார்களை மனைவிமார்கள் கவனித்துக்கொள்ளவும்.

அந்த மேல் டிராயரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் வாங்கியதில் நான்கு தையலும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்திருந்தது, எனக்குத் திருப்தியில்லை. இங்கத்துத் தையல்காரர்கள் சல்வாருக்கு வைக்கிற, மியானி என்று சொல்கிற சாய்சதுரத் துண்டை நடுவில் கொடுத்து நானே வேறு தைத்துக் கொடுத்தேன். தையல் நான்கு பக்கமும் விலகிப்போய்விட்டது, சீட்டின் மூக்கிலும் மாட்டுவதில்லை. ஒன்றரை மீட்டர் மெல்லிய டெரிகாட் போதும், பருத்தி வேண்டாம். தைக்கத் தெரிந்தவர்கள் வெட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வரலாம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள். ஞாயிறு காலையில் வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். இப்போது நானும் நொய்டா மோர் வரை கூடப் போகிறேன்.